தூசிக்குப் போட்ட துணி

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும்போது எனக்கு இப்போதும் தையல் மிஷின் சத்தம் கேட்கிறது. ஒரு மிஷின் அல்ல, வரிசையாகப் போட்ட ஒரு லைன் முழுக்க. அது ஓடுகிற வரை தூக்கம் சுகமாக வரும். சில நாள் அந்தச் சத்தம் ஒவ்வொன்றாக நிற்கத் தொடங்கும். முதலில் ஜன்னலோரத்து மிஷின், பிறகு அதன் பக்கத்தில் இருப்பது, பிறகு அடுத்தது. கடைசி மிஷின் நிற்பதற்குள் விழித்துக்கொள்வேன். "ஏனுங்க, இப்படி வேர்த்துக் கொட்டுது, காத்தாடி ஓடுதில்லீங்களா?" என்பாள் என் மனைவி. திருப்பூரில் பனியன் கம்பெனி மேனேஜராக இருந்தவனுக்குக் கெட்ட கனவு என்றால் இதுதான். பேய் பிசாசெல்லாம் வருவதில்லை.

புதிதாக லைனை மேற்பார்க்க வந்திருக்கும் உங்களுக்கு நான் தையலைப் பற்றியோ துணியைப் பற்றியோ சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்கள் கையில் இருக்கும் போனிலேயே என்னைவிட நன்றாகக் கிடைக்கிறது. வெளிநாட்டில் வரி ஏறிவிட்டது, ஆர்டர் குறைந்துவிட்டது, டெய்லர்கள் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது என்று போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். அதைக் கேட்ட அன்று மத்தியானம் எனக்கு அந்தக் கனவு மறுபடி வந்தது. அதனால்தான் இதைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் எங்கள் டெய்லர்களின் மெத்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். கம்பெனி கொடுப்பது வெறும் ஸ்டூல். நாள் முழுக்க அதில் உட்கார்ந்தால் இடுப்பு என்னத்துக்கு ஆகும்? அதனால் அவரவரே வேஸ்ட் துணியைத் திணித்து ஒரு சின்ன மெத்தை தைத்துப் போட்டுக்கொள்வார்கள். கம்பெனி மாறினால் மெத்தையும் கூடவே போகும். எங்கள் தொழிலில் யாரும் வேலையை விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு போவதில்லை. ஸ்டூலில் மெத்தை இல்லையென்றால் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும் அன்று மட்டும் மிஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஸ்டூலையும் சேர்த்து மூடுகிற மாதிரி ஒரு வெள்ளைத் துணியைப் போட்டுவிட்டுப் போவார்கள். எல்லோரும் போன பிறகு நான் லைனில் நடந்து ஒவ்வொரு துணியாகத் தூக்கிப் பார்ப்பேன். அடியில் மெத்தை இருந்தால் அந்த ஆள் திரும்பி வருவார். சாமி கும்பிடும்போதுகூட எனக்கு அத்தனை பயபக்தி இருந்ததில்லை.

எங்கள் முதலாளி பக்கவாதம் வந்து படுத்த பிறகு கம்பெனியை அவருடைய மகள் எடுத்து நடத்தினார். உங்கள் வயதுதான் இருக்கும். கம்பெனியில் எல்லோருக்கும் மேடம். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்த காலத்திலிருந்து பார்த்ததால் எனக்கு மட்டும் அம்மிணி. அவருக்கு நான் மாமா. நான் சுபாவத்திலேயே கெட்டதை முதலில் நினைக்கிற ஆள். வானம் வெளுத்தால் மழை வராது என்பேன், கறுத்தால் வெள்ளம் வரும் என்பேன். அம்மிணி அப்படி இல்லை. அது வயதுக்கோளாறு, பட்டால் தெளியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் நூல் விலை ஏறிக் கிடந்தது. வெளிநாட்டுக் கடைகளில் பழைய சரக்கே விற்காமல் நின்றதால் எங்களிடம் வாங்குகிற பையர்கள் ஆர்டரைக் குறைத்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, ஆடி மாதத்தில் எங்கள் பெரிய லைனுக்கு வேலையே இல்லாமல் போனது. தைத்ததைச் சரிபார்க்கிற செக்கிங்கில் மிச்சம் மீதி வேலை கொடுத்து டெய்லர்களை உட்காரவைத்திருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவிநாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். திங்கட்கிழமை காலை கம்பெனிக்குள் நுழைந்தால் டெய்லர்கள் அத்தனை பேரும் வாசற்படி தாண்டியதும் நின்றுகொண்டிருக்கிறார்கள். எட்டிப் பார்த்தேன். லைன் முழுக்க வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தது. லைட்டும் அணைத்திருந்தது. ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் பஞ்சுத் தூசி மட்டும் மெதுவாக மிதந்துகொண்டிருந்தது. எனக்குப் பின்னால் ஒரு பெண் குரல், "கோடித்துணி போத்துன மாதிரில்ல கெடக்கு" என்றது. இழவு வீட்டில் போர்த்துகிற துணியைத்தான் சொன்னது.

மாடிக்கு ஓடினேன். "யாருங்க அம்மிணி மிஷினை மூடச் சொன்னது?"

"நாந்தானுங்க மாமா. சும்மா கெடக்கற லைனுக்கு எதுக்குக் கரண்டுன்னு ஆடிட்டர் சொன்னாருங்க. ஆடிக்காத்துல தூசி வேற. நேத்து வாட்ச்மேனை வெச்சுத் தொடச்சு மூடிட்டனுங்க. ஏனுங்க?"

நல்ல எண்ணத்தில் செய்ததுதான். மிஷின்மேல் அக்கறை. ஆனால் தீபாவளி இல்லாத நாளில் மிஷின் மேல் துணி விழுந்தால் இங்கே அதற்கு ஒரே அர்த்தம், கம்பெனியை மூடப்போகிறார்கள். இனி ஒவ்வொருவராக மெத்தையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள் என்று சொன்னேன். அம்மிணி முகம் மாறியது.

டீ நேரத்துக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. இங்கே துணியும் கிடையாது. பேக்கரியில் பக்கத்துத் தெருக் கம்பெனி ஆள் நின்றுகொண்டு எங்கள் டெய்லர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். தென்மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் சிலர் போனில் ஊர்ப்பக்கம் போகிற பஸ்ஸைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மூன்று பைகளிலிருந்து மெத்தையின் மூலை எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்ததும் மறுபடி மாடிக்கு ஓடினேன். ஆர்டர் போனால் திரும்ப வரும். ஒரு லைன் டெய்லர் கலைந்துவிட்டால், வருகிற ஆர்டரை யாரை வைத்துத் தைப்பது?

"அம்மிணி, மைக்கை எடுத்து, அடுத்த வாரம் பெரிய ஆர்டர் வருதுன்னு சொல்லிரலாங்க. இப்போதைக்கு ஆள் நிக்கட்டும்" என்றேன்.

"வருதுங்களா மாமா?"

"வராதுங்க. சும்மா சொல்றதுதானுங்க."

"அடுத்த வாரம் அந்தப் பொய்ய எந்தத் துணி போட்டு மூடறதுங்க?" என்று கேட்டுவிட்டு அம்மிணி ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அப்போதுதான் மரியசெல்வி கதவைத் தட்டினார். லைனின் முதல் மிஷின் அவருடையது. கழுத்துப் பட்டி வைப்பதில் அவரை அடிக்க ஆள் இல்லை. தூத்துக்குடிப் பக்கம் ஊர். புருஷன் ஏற்கனவே ஊருக்குப் போய், வந்துவிடு என்று தினமும் போன் பண்ணிக்கொண்டிருந்தார். மகள் இங்கே முனிசிபல் ஸ்கூலில் பத்தாவது. நன்றாகப் படிக்கிற பிள்ளை. பாதி வருஷத்தில் பள்ளிக்கூடம் மாற்றினால் பரீட்சை என்ன ஆகுமோ என்று அந்த அம்மாவுக்குத் தூக்கமே கிடையாது.

"மேடம், கீழ ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க. எனக்கு அதெல்லாம் வேண்டாம். எம்புள்ளைக்கு டீசி வாங்கட்டா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க" என்றார் மரியசெல்வி. கண் கலங்கவில்லை. கை மட்டும் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது.

நான் வழக்கம்போல, "பாத்துக்கலாம், கொஞ்சம் பொறுங்க" என்றேன். முப்பது வருஷமாக அந்தச் சொல்லை வைத்துத்தான் நான் பிழைத்தேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழ் வாங்குவதா வேண்டாமா என்று கேட்கிற தாய்க்கு அது பதிலே இல்லை. மரியசெல்வி என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆடிக்காற்று ஜன்னல் கதவை ஆட்டிக்கொண்டிருந்தது. அம்மிணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"வாங்காதீங்க" என்றார்.

"இப்பக் கைல ஆர்டர் இல்லீங்க. அது நெசம். வாரத்துல வேலை நாள் கொறையும், ஓவர்டைம் இருக்காது. எனக்கும் மேனேஜருக்கும் சேத்துத்தான். ஆனா பாப்பா பரிச்சை முடியற வரைக்கும் இந்த லைன் ஓடும். அதுக்கு நான் பொறுப்பு. ஓட்ட முடியாதுன்னு ஒரு நெலமை வந்தா, அத நீங்க டீக்கடைல கேக்க மாட்டீங்க. நானே உங்க மிஷின்கிட்ட வந்து சொல்லுவேன்."

மரியசெல்வி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி மேடம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கதவு சாத்தியதும் அம்மிணி தண்ணீர் பாட்டிலை எடுத்தார். பாதித் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார்.

"சொல்லிட்டனுங்க மாமா. இனி எப்படிப் பண்றதுன்னு யோசிக்கோணுங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. யோசித்துவிட்டுச் சொல்வதா, சொல்லிவிட்டு யோசிப்பதா? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அன்று நான் அப்படித்தான் நினைத்தேன். இன்றைக்கு எனக்குத் தோன்றுவது வேறு. அவர் யோசித்துவிட்டுச் சொல்லியிருந்தால், யோசித்து முடிப்பதற்குள் கீழே ஆள் இருந்திருக்க மாட்டார்கள்.

நாங்கள் இறங்கிப் போனோம். டெய்லர்கள் சுவரோரமாக நின்றிருந்தார்கள். அம்மிணி மைக்கை எடுக்கவில்லை. நேராக முதல் மிஷினிடம் போய், அதன் துணியை எடுத்து மடித்தார்.

"நேத்து இதை மூடுனது நாந்தானுங்க. தூசிக்குத்தான் போட்டேன். கம்பெனிய மூடறதுக்குப் போடல. உங்களக் கேக்காம செஞ்சது தப்புங்க" என்றார். அடுத்த மிஷினுக்குப் போனார். அதற்கடுத்த மிஷினுக்கும் போனார். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. பெரிய லைன் அது. வெயில் அவர்மேல் விழுவதும் விலகுவதுமாக, வெள்ளைத் துணி ஒன்றொன்றாக எழுந்து மடிவதை நான் ஏதோ கனவு பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாதி லைன் வந்தபோது எதிர் முனையிலிருந்து மரியசெல்வி ஒரு துணியை எடுத்தார். அப்புறம் எல்லோரும் வந்துவிட்டார்கள். லைட்டும் காத்தாடியும் போட்டேன். வேலை இல்லாத லைனுக்கு அத்தனை காத்தாடி ஓடியதை ஆடிட்டர் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். பைக்குள் போன மெத்தைகள் ஸ்டூலுக்குத் திரும்பின. எல்லாம் அல்ல. சிலர் அன்றைக்கே போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே.

இதே சமயத்தில் எங்கள் தெருக்கோடியில் இன்னொரு கம்பெனி இருந்தது. அதன் முதலாளி தங்கமான மனிதர். பொய் பேசத் தெரியாதவர். தினமும் காலையில் லைனுக்கு நடுவே நின்று, "நம்ம காலம் முடிஞ்சுதுங்க, இனித் திருப்பூர் எந்திரிக்காது" என்று மனம்விட்டுப் புலம்புவார். இன்றைக்கு ஆர்டர் இல்லை என்பது அவருக்குத் தெரிந்த உண்மை. நாளைக்கும் வராது என்பது அவருக்குத் தெரியாத விஷயம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். கேட்டவர்கள் இரண்டையும் நம்பிவிட்டார்கள். பிறகு ஆர்டர் வந்தபோது அவரிடம் மிஷின் இருந்தது, ஆள் இல்லை. அவரை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது. அவர் என் சிநேகிதர்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். குடோனில் பழைய ஆர்டர்களின் மிச்சத் துணி ரோல் ரோலாகக் கிடந்தது. பச்சை, கத்தரிப்பூ நிறம், எலுமிச்சை மஞ்சள் என்று ஒன்றோடொன்று சேராத கலர்கள். அம்மிணி அதையெல்லாம் லைனுக்குக் கொண்டுவரச் சொன்னார். ஒரு லைனில் ஒரு டெய்லர் ஒரு வேலைதான் செய்வார். தோள் கூட்டுகிறவர் தோளே கூட்டுவார், கை வைக்கிறவர் கையே வைப்பார். வருஷக்கணக்கில் தைத்தும் ஒரு முழுச் சட்டையைத் தன் கையால் தைத்து முடிக்காதவர்கள் எங்களிடம் நிறையப் பேர் இருந்தார்கள்.

"அவங்கவங்க புள்ளைக்கு ஒரு டீசர்ட்டு. கழுத்துல இருந்து அடிமடிப்பு வரைக்கும் நீங்களே தெக்கோணும். தெரியாததைப் பக்கத்து மிஷின்ல கேட்டுக்குங்க" என்றார் அம்மிணி. அவரும் ஒரு மிஷினில் உட்கார்ந்தார். முதல் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டார். லைனே சிரித்தது. அந்தக் கட்டிடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த வாரங்களை நினைத்தால் நடந்ததா, கண்டதா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. வெளியே சாரலும் காற்றும். உள்ளே கலர் கலராகத் துணி. தோள் கூட்டுகிறவர் கழுத்து வைக்கப் பழகினார், கழுத்து வைக்கிறவர் அடி மடிக்கப் பழகினார். மரியசெல்வி எழுந்து எழுந்து போய் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருக்களில் பார்த்தால், ஒரு கை பச்சையும் ஒரு கை மஞ்சளுமாகப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கும். துணி வீணாகிறது என்று நான் முணுமுணுத்துக்கொண்டேதான் இருந்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

அம்மிணி சும்மா இருக்கவில்லை. பகலெல்லாம் போனில் பையர்களைத் துரத்தினார். கடைசியில் ஒரு சின்ன ஆர்டர் வந்தது. பிள்ளைகள் உடுப்பு, ஒவ்வொரு மாடலிலும் கொஞ்சமே கொஞ்சம் பீஸ், ஆனால் ஏகப்பட்ட மாடல். பெரிய கம்பெனிகள் கையால் தொடாத வேலை. ஒரே வேலை தெரிந்த லைனுக்கு அது நரகம், மாடல் மாறும்போதெல்லாம் தடுமாறி நிற்க வேண்டும். எங்கள் லைன் நிற்கவில்லை. அங்கே உட்காரச் சொன்னால் அங்கே, இங்கே உட்காரச் சொன்னால் இங்கே. ஷிப்மென்ட் நேரத்துக்குப் போனது. அதே பையர் இன்னொரு சின்ன ஆர்டர் கொடுத்தார். பெரிய காலம் திரும்பிவிட்டது என்று சொல்லமாட்டேன். லைன் ஓடியது.

தீபாவளி வந்தது. மிஷின்களைத் துடைத்து, துணி போட்டு, பைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். நான் வழக்கம்போல ஒவ்வொரு துணியாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டு போனேன். மெத்தை இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. ஆடியிலிருந்தே ஆள் இல்லாமல் கிடந்த இரண்டாவது மிஷினைத் தாண்டி முதல் மிஷினுக்கு வந்தேன். ஸ்டூல் வெறுமையாக இருந்தது. மரியசெல்வி மெத்தையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தத் தீபாவளிக்கு எனக்குப் பலகாரம் இறங்கவில்லை. அத்தனை தைரியம் சொல்லியும் புருஷன் பேச்சுத்தான் ஜெயித்தது, அந்தப் பிள்ளை படிப்பும் போயிற்று என்று முடிவே கட்டிவிட்டேன். அம்மிணிக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

"ஏன்னு கேட்டீங்களா மாமா?"

"இல்லீங்க. பஸ் ஏறிட்டாங்களே."

"அப்ப நமக்குத் தெரியாதுங்க. தெரியாததைத் தெரிஞ்சாப்புல நெனைக்காதீங்க. பலகாரம் சாப்பிடுங்க."

லீவு முடிந்து கம்பெனி திறந்த காலையில் நான் வாசலிலேயே நின்றேன். கம்பெனி வேன் வந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியில் மரியசெல்வி இறங்கினார், மகள் கையில் ஸ்கூல் பையோடு. பின்னாலேயே அவர் ஜாடையில் இன்னொரு பெண், இடுப்பில் குழந்தையும் கையில் மஞ்சப் பையும் பின்னால் ஒரு பையனுமாக. மரியசெல்வியின் கையில் இரண்டு மெத்தைகள். பழையதற்கு உறை மாற்றியிருந்தது. இன்னொன்று, அளவுக்குப் பழையதை ஊருக்கு எடுத்துப்போய் அதே உறையில் தைத்தது, புத்தம் புதியது.

"அண்ணாச்சி, இது எந்தங்கச்சி. அங்க உப்பளத்துல கெடந்து சாவுதா. நாந்தான் வாடின்னு கூட்டியாந்துட்டேன். இவ மூத்தவனுக்கு ஊர்ல டீசியும் வாங்கியாச்சு, இங்க சேக்கணும். ரெண்டாவது மிஷினு காலியாத்தானே கெடக்கு?"

காலிதான் என்று தலையை ஆட்டினேன். அப்போதும் எங்களிடம் அந்த மாதத்துக்குத்தான் ஆர்டர் இருந்தது, அதற்குமேல் இல்லை. அது மரியசெல்விக்கும் தெரியும். அம்மிணி ஒவ்வொரு திங்கட்கிழமையும் லைனில் அதைச் சொல்லிவிடுவார். தெரிந்துதான் தங்கையைக் கூட்டிவந்திருந்தார்.

உள்ளே போனோம். லைன் முழுக்க வெள்ளைத் துணி போட்டபடி இருந்தது. லைட் இன்னும் போடவில்லை. வெயிலில் பஞ்சுத் தூசி மிதந்துகொண்டிருந்தது. தங்கச்சிக்காரி படி தாண்டியதும் நின்றுவிட்டாள்.

"என்னக்கா, எல்லாத்தையும் மூடிப் போட்டிருக்காவ?" என்றாள் பயந்த குரலில்.

மரியசெல்வி புது மெத்தையை அவள் கையில் கொடுத்தார்.

"தூசிக்குப் போட்டதுடி. எடு" என்றார்.